பெடார்ட் முடிந்துபோனாரா?

வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கனடாவின் மார்க்கம் நகரிலிருந்து வந்து நின்ற மச்சான், கனடிய ஐஸ் ஹொக்கி வீரர் கொனர் பெடார்ட் முடிந்துபோய்விட்டார் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். தீர்ப்புச் சொன்ன அன்று பெடார்டுக்கு இருபது வயதுகூட ஆகியிருக்கவில்லை. "முதல் வருடம் 61 புள்ளி, இரண்டாம் வருடம் 67. இதற்கா அவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்பது மச்சானின் வாதம். கோயில் வீதியிலும் அதையே சொன்னார், வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் அதையே சொன்னார். விருந்துக்கு வந்தவரோடு எவ்வளவுதான் மல்லுக்கட்டுவது? அங்கே விழுங்கிய பதிலை இங்கே எழுதுகிறேன். இது 2025 ஆகஸ்ட், சிறுபோக அறுவடைக் காலம். ஊரில் பாதிப் பேர் வயலில் நிற்கிறார்கள். வாசிக்க நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள்.

கிளிநொச்சியில் இருந்துகொண்டு ஐஸ் ஹொக்கி பார்க்கிறேன் என்றால் சிரிப்பார்கள். எங்களுக்கு ஐஸ் என்றால் முல்லைத்தீவுக் கரையில் மீன்பெட்டிக்குள் கொட்டுவது, இல்லாவிட்டால் ஐஸ்பழம். ஆனால் தங்கை குடும்பம் கனடாவில், மருமகன் அங்கே ஹொக்கி ஆடுகிறான், ரொறன்ரோவில் குளிர்கால மாலை ஏழு மணி என்றால் எங்களுக்கு அடுத்த நாள் காலை ஐந்தரை. உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு அது எப்படியும் விழித்திருக்கும் நேரம். பனிச்சறுக்கில் நான் ஒரு நாளும் ஏறியதில்லை. ஆனால் வளர்கிற பிள்ளைகளைப் பார்த்து "இவன் போவான், இவன் நின்றுவிடுவான்" என்று சொல்லவேண்டிய வேலையைத்தான் என் வாழ்நாள் முழுவதும் செய்தேன். மச்சானோடு எனக்குள்ள பிணக்கு ஹொக்கியைப் பற்றியதைவிட இந்த வேலையைப் பற்றியதுதான்.

பெடார்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறந்தது 2005 ஜூலை 17, வட வன்கூவரில். கனடாவின் மேற்குப் பகுதி இளையோர் லீக்கில் பதினைந்து வயதிலேயே முழுநேரம் ஆட விதிவிலக்கு அனுமதி பெற்ற முதல் பையன் அவர்தான். ரெஜைனா அணிக்காக 2022-23 பருவத்தில் 57 ஆட்டங்களில் 71 கோல்கள், மொத்தம் 143 புள்ளிகள். ஹொக்கியில் கோல் அடித்தாலும் ஒரு புள்ளி, கோலுக்கு வழிசெய்த பாஸ் கொடுத்தாலும் ஒரு புள்ளி. அதே குளிர்காலத்தில் உலக இளையோர் போட்டியில் 7 ஆட்டங்களில் 23 புள்ளிகள், கனடாவுக்குத் தங்கம். 2023 ஜூனில், வட அமெரிக்காவின் பெரிய லீக்கான தேசிய ஹொக்கி லீக்கின் அணிகள் வருடாவருடம் இளம் வீரர்களை வரிசையாக எடுக்கும் தெரிவில், சிகாகோ பிளாக்ஹோக்ஸ் அவரை முதலாவது ஆளாகத் தெரிவு செய்தது.

இனி மச்சானின் கணக்கு. முதல் பருவத்தில் 68 ஆட்டங்களில் 61 புள்ளிகள். ஜனவரியில் தாடை உடைந்து சில வாரங்கள் வெளியே இருந்தார், அப்படியிருந்தும் சிறந்த புதுமுக வீரருக்கான கோல்டர் கிண்ணம் அவருக்குத்தான் கிடைத்தது. இரண்டாம் பருவத்தில் 82 ஆட்டங்களில் 67. ஆட்டத்துக்கு 0.90 ஆக இருந்தது 0.82 ஆக இறங்கியிருக்கிறது. இறக்கம் உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு பருவங்களிலும் சிகாகோ லீக்கின் கடைசிக்கு முந்தைய இடத்தில் நின்றது. இரண்டாம் பருவத்தின் நடுவில் பயிற்றுநரையும் மாற்றினார்கள். தேசிய ஹொக்கி லீக்கின் முறையே அப்படித்தான்: அடிமட்டத்தில் முடிக்கும் அணிகளுக்குள் குலுக்கல் போட்டு, அந்த வருடத்தின் மிகச் சிறந்த பையனை அவற்றில் ஒன்றுக்குக் கொடுப்பார்கள். கணித ஆசிரியரே இல்லாத பள்ளிக்கூடத்துக்கு வலயத்தின் கெட்டிக்காரப் பிள்ளையை அனுப்பிவிட்டு, பெறுபேறு வந்ததும் பிள்ளையை ஏசுவது போன்றது இது.

மச்சான் ஒப்பிட்டது சிட்னி க்ரொஸ்பியோடு. க்ரொஸ்பி முதல் பருவத்திலேயே 102 புள்ளிகள் எடுத்தவர். கொனர் மெக்டேவிட் இரண்டாம் பருவத்தில் 100 எடுத்தார். அந்த இருவரும் தலைமுறைக்கு ஒருவர். அவர்களை அளவுகோலாக வைத்தால் லீக்கில் மிச்சம் எல்லோரும் தோல்விதான். நான் ஒப்பிடுவது பற்றிக் கேனோடு. அதே சிகாகோ, பெடார்டைப் போலவே பெரிய உடம்பு இல்லாதவர், 2007இல் அவரும் முதலாவது தெரிவு. முதல் பருவத்தில் 82 ஆட்டங்களில் 72 புள்ளிகள். இரண்டாம் பருவத்தில் 80 ஆட்டங்களில் 70. ஏறவில்லை. மூன்றாம் பருவத்தில் 88 எடுத்தார், லீக்கின் சம்பியனுக்குரிய ஸ்டான்லி கிண்ணத்தை 2010இல் வென்ற கோலையும் அவரே அடித்தார். 2016இல் 106 புள்ளிகளோடு லீக்கின் மிகப் பெறுமதியான வீரர் ஆனார். இருபது வயதில் ஒரு வருடம் ஒரே படியில் நின்றால் அதற்கு மேல் படி இல்லை என்று பொருளாகாது. ஆனால் கேனுக்குப் பக்கத்தில் ஜொனதன் டேவ்ஸ் இருந்தார், பின்னால் தடுப்பு வரிசையில் டன்கன் கீத் இருந்தார். பெடார்டுக்கு அப்படி யாரும் இருக்கவில்லை. இந்த வேறுபாட்டை மச்சானும் மறக்கக்கூடாது, கேனைக் காட்டி ஆறுதல் தேடும் நானும் மறக்கக்கூடாது.

இன்னும் மெதுவாக எழும்பியவர் ஜாக் ஹியூஸ். 2019இன் முதலாவது தெரிவு. முதல் பருவம் 61 ஆட்டங்களில் 21 புள்ளிகள். அவரை எடுத்த நியூ ஜேர்சிக்காரர்கள் அப்போது முகம் சுளித்திருப்பார்கள். அடுத்தது 56 ஆட்டங்களில் 31, அடுத்தது 49 ஆட்டங்களில் 56, நான்காவது பருவத்தில் 78 ஆட்டங்களில் 99. இந்த நான்கு எண்களில் முதலாவதை மட்டும் பார்த்து முடிவு எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் ரசிகன் ஆகிவிடுவேன். 1993இல் ஒட்டாவா முதலாவதாகத் தெரிவு செய்த அலெக்ஸாண்டர் டெய்க்ல் இளையோர் லீக்கில் 53 ஆட்டங்களில் 137 புள்ளிகள் எடுத்தவர். ஆட்டத்துக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள், பெடார்டைவிடச் சற்றுக் கூட. பெரிய லீக்கில் அவர் ஆடிய 616 ஆட்டங்களில் மொத்தம் 327 புள்ளிகள். இரண்டாவதாகத் தெரிவான க்ரிஸ் ப்ரொங்கர் ஹொக்கியின் புகழ் மண்டபத்தில் இருக்கிறார். முதலாவதாகத் தெரிவானதில் மகிழ்ச்சி, இரண்டாவது ஆளை யாரும் நினைவில் வைப்பதில்லை என்று அன்று டெய்க்ல் சொன்னதை இன்றும் எடுத்துச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பதினெட்டு வயதுப் பையன் சொன்னதை முப்பது வருடம் சுமப்பது நியாயமில்லைதான், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். 1999இல் பற்றிக் ஸ்டெஃபான், 2012இல் நெய்ல் யாகுபொவ் என்று முதலாவதாகத் தெரிவாகி வாடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எண்கள் மட்டும் இருந்தால் டெய்க்லையும் பெடார்டையும் பிரிக்க முடியாது. அப்படியானால் எதை வைத்துப் பிரிப்பது?

இங்கேதான் வன்னியில் நான் படித்த பாடம் உதவுகிறது. எங்களிடம் வயது ஒருபோதும் எளிய விடயமாக இருந்ததில்லை. போர் முடிந்து, செட்டிகுளம் முகாம்களிலிருந்து சனங்கள் மீளக்குடியேறத் தொடங்கி, பள்ளிக்கூடங்களைத் தகரக் கொட்டகைகளிலும் மர நிழலிலும் திறந்த அந்த வருடங்களில், பிள்ளைகள் பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. இடம்பெயர்வில் தொலைந்துபோயிருந்தது. நடமாடும் சேவையில் வரிசையில் நின்று பிரதி எடுத்தவர்கள் பலர். பதிவே இல்லாத சிலருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ். வலய மட்ட மெய்வல்லுநர் போட்டிக்கு 16 வயதுப் பிரிவில் ஆட்களை நிறுத்தினால், ஒருவனுக்கு மீசை கறுத்திருக்கும், பக்கத்தில் நிற்பவனுக்குக் குரல்கூட உடைந்திருக்காது. இருவரின் தாளிலும் ஒரே ஆண்டு. மீசைக்காரன் குண்டை இரண்டு முழம் கூடுதலாக எறிவான். அந்த இரண்டு முழத்துக்குத் திறமை என்று பெயர் வைத்தால் அது ஆசிரியரின் சோம்பல்.

அதனால் ஒரு பிள்ளைக்கு மூன்று வயது உண்டு என்று எடுத்துக்கொண்டுதான் நான் வேலை செய்தேன். தாளில் உள்ள வயது ஒன்று. உடம்பின் வயது இன்னொன்று. ஆண் பிள்ளைகள் மிக வேகமாக உயர்வது சராசரியாகப் பதினான்கு வயதளவில். ஆனால் அது ஒருவருக்கு ஒன்றிரண்டு வருடம் முந்தும், இன்னொருவருக்குப் பிந்தும். மூன்றாவது பயிற்சியின் வயது: எத்தனை வருடமாக ஒழுங்காக ஒருவரிடம் பழகுகிறான் என்பது. எங்கள் பிள்ளைகளுக்கு இந்த மூன்றாவது வயதில்தான் பெரிய ஓட்டை. பதுங்குகுழியிலும் முகாமிலும் கழிந்த வருடங்களில் யார் பந்தைத் தொட்டார்கள்? நீளம் பாய்தலில் இரண்டு பேர் ஒரே தூரம் பாய்ந்தால், பத்து வயதிலிருந்து பழகியவனைவிட, போன வருடம்தான் மணல் குழியைக் கண்டவனையே நான் கவனித்துப் பார்ப்பேன். மாகாண மட்டத்துக்குப் பெயர் எழுதும் தாளில் இதற்கெல்லாம் இடம் கிடையாது. அன்றைய தூரம் மட்டும்தான்.

இதே கதை கனடாவில் இன்னொரு உருவத்தில் நடக்கிறது. அங்கே சிறுவர் ஹொக்கியில் வயதுப் பிரிவு ஜனவரி முதலாம் திகதியில் தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்த எட்டு வயதுக்காரன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வருடம் மூத்தவன். அவனே பெரியவன், அவனே நல்ல அணிக்குத் தெரிவாகிறான், அவனுக்கே நல்ல பயிற்றுநரும் கூடுதல் ஆட்ட நேரமும். பத்து வருடம் கழித்து அந்த ஆரம்ப வேறுபாடு உண்மையான திறமையாகவே மாறிவிடுகிறது. ரொஜர் பார்ன்ஸ்லி என்ற கனடிய உளவியலாளர் 1980களில் இதை எண்களோடு காட்டினார். 2013இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் கூர்மையானது. தேசிய லீக் தெரிவுக்கு உள்ளான கனடியர்களில் ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள் 36 சதவீதம், ஆனால் பின்னர் ஆடிய ஆட்டங்களில் அவர்கள் பங்கு 28 சதவீதம், எடுத்த புள்ளிகளில் 25. வருடத்தின் பிற்பாதியில் பிறந்தவர்கள் தெரிவில் 34 சதவீதம், ஆட்டங்களில் 42, புள்ளிகளில் 44. சம்பளம் வாங்கிக்கொண்டு இதையே தொழிலாகச் செய்யும் தெரிவாளர்கள்கூட, மூத்த பிள்ளையை நல்ல பிள்ளை என்று எண்ணி ஏமாறுகிறார்கள்.

திகதி செய்யும் வேடிக்கைக்கு ஜோன் டவாரஸ் நல்ல சாட்சி. 1990 செப்டெம்பர் 20 அவர் பிறந்த நாள். தேசிய லீக்கின் தெரிவுக்கு எல்லை செப்டெம்பர் 15. ஐந்து நாள் பிந்திப் பிறந்ததால் 2008இல் போக வேண்டியவர் 2009 வரை காத்திருந்தார்.

டெய்க்ல் பிறந்தது பெப்ரவரியில். பெடார்ட் ஜூலையில். பதினெட்டு வயதில் ஐந்து மாதம் பெரிய விடயமல்ல, ஒப்புக்கொள்கிறேன். எட்டு வயதில் அது பெரிய விடயம். மூத்தவர்களுக்கு நடுவே சின்னவனாகவே நின்று மேலே வந்தவன், உடம்பின் துணை இல்லாமல் வேறு ஏதோ வழியைக் கண்டுபிடித்திருக்கிறான் என்று நான் நினைப்பேன். மெக்டேவிட் பிறந்தது ஜனவரி 13 என்று யாராவது இப்போது எழுதுவீர்கள். சரிதான். திகதி யாருடைய விதியையும் எழுதுவதில்லை, எங்கள் கண்ணில் படியும் தூசியைத்தான் அது காட்டுகிறது.

ஆனால் மூன்றாவது வயதில் பெடார்டுக்கு என் கணக்கு பாதகமாகவே விழுகிறது. சிறு வயதிலிருந்து வீட்டு முற்றத்தில் அடித்து அடித்தே வளர்ந்தவர் அவர். அந்த அடியில் இனிமேல் கற்க அதிகம் இல்லை. மிச்சம் இருக்கும் வளர்ச்சி வேறு இடங்களிலிருந்துதான் வரவேண்டும். "எவ்வளவு நல்லவன்?" என்று கேட்பதைவிட "இன்னும் எதைக் கற்கவில்லை?" என்று கேட்பது நல்லது. கற்காதது கற்கக்கூடிய ஒன்றாக இருந்தால் அந்தக் குறையே எதிர்காலத்தின் கையிருப்பு.

எனவே காணொளிகளில் அவர் கோல் அடிப்பதை நான் பார்ப்பதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்: பக்கை (ஐஸ் ஹொக்கியில் பந்துக்குப் பதிலாக இருக்கும் தட்டையான வட்டு) தன் உடம்புப் பக்கம் இழுத்து, கோணத்தை மாற்றி, தடுப்பவனின் கால்களுக்கு இடையால் விடுவார். கோல் காப்பாளருக்கு அடி எங்கிருந்து புறப்பட்டது என்பதே தெரியாது. நான் பார்ப்பது அதற்கு முந்திய இரண்டு விநாடிகளை. இளையோர் லீக்கில் அவருக்குக் கிடைத்த இடைவெளி பெரிய லீக்கில் கிடைப்பதில்லை. முதல் வருடம் அவர் பழைய இடத்துக்கே போய், சுற்றி மூன்று பேர் நிற்க, பக்கை இழந்துகொண்டிருந்தார். இரண்டாம் வருடம் கோல்கள் 22இலிருந்து 23 ஆக மட்டுமே ஏறின, ஆனால் கோலுக்கு வழிசெய்தவை 39இலிருந்து 44 ஆயின. கூடுதல் ஆட்டங்கள் ஆடினார் என்பதால் அதைப் பெரிதாக்க மாட்டேன். இரண்டு பேரைத் தன் பக்கம் இழுத்துவிட்டு மூன்றாவது ஆளுக்குக் கொடுக்கும் பழக்கம் வந்திருக்கிறது என்பது என் கண்ணுக்குத் தெரிகிறது. வாங்குகிறவன் தவறவிட்டால் அது எந்தப் பட்டியலிலும் ஏறாது.

குறைகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. நின்ற இடத்திலிருந்து புறப்படும் முதல் மூன்று அடியில் அவருக்கு மெக்டேவிடின் வெடிப்பு இல்லை, இனி வரப்போவதும் இல்லை. நடுவில் ஆடுகிறவர் நடுவர் போடும் பக்கை வெல்லவேண்டும். முதல் பருவத்தில் அவர் வென்றது 40 சதவீதத்துக்கும் குறைவு. முதலாவது குறையைப் பாதிதான் திருத்தலாம், முழுதாக அல்ல. இரண்டாவது முற்றிலும் திருத்தக்கூடியது. அது மணிக்கட்டுப் பலமும் தந்திரமும் சேர்ந்த வேலை, வயது ஏற ஏற ஆட்டக்காரர்கள் அதில் தேறுவார்கள்.

காயம் பற்றி யாரும் கணிக்க முடியாது, எனவே அதை நீட்டவில்லை. க்ரொஸ்பி 2011 ஜனவரியில் தலையில் அடிபட்டபோது 41 ஆட்டங்களில் 66 புள்ளிகளோடு வாழ்க்கையின் உச்சத்தில் இருந்தார். அந்தப் பருவம் அத்தோடு முடிந்தது. பிறகு இரண்டு கிண்ணங்கள் வென்றார் என்பது வேறு கதை.

தெரிவுப் பட்டியலின் அடியில் கிடந்து மேலே வந்தவர்களையும் மச்சானுக்கு நினைவூட்ட வேண்டும், பெடார்டுக்காக அல்ல, அவருடைய சொந்த மகனுக்காக. பாவெல் டட்சியுக் 1998இல் 171ஆவது தெரிவு. ஹென்ரிக் செட்டர்பெர்க் 1999இல் 210ஆவது. மார்ட்டின் சென் லூயியை எந்த அணியும் தெரிவே செய்யவில்லை, குள்ளம் என்றார்கள். 2004இல் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தார், 37 வயதில் 2013இல் மறுபடியும் எடுத்தார். எங்கள் பக்கத்து முகச்சாயல் உள்ளவர் வேண்டுமென்றால் பஞ்சாபிப் பின்னணி கொண்ட அர்ஷ்தீப் பெயின்ஸ் இருக்கிறார். அவரையும் யாரும் தெரிவு செய்யவில்லை. 2021-22இல் மேற்கு இளையோர் லீக்கில் அதிகப் புள்ளி எடுத்து, 2024இல் வன்கூவர் அணிக்காகப் பெரிய லீக்கில் இறங்கினார்.

உண்மையில் பெடார்டைப் பற்றிய சண்டையின் அடியில் கிடந்தது மருமகனின் கதைதான். பையனுக்குப் பதினொரு வயது, பிறந்தது நவம்பரில், இந்த முறை மேல் அணிக்கு எடுபடவில்லை. வருடத்துக்கு ஆயிரக்கணக்கான டொலர் செலவு, விடியற்காலையில் பயிற்சிக்குக் கார் ஓட்டம், தங்கைக்கோ கணித வகுப்பு தவறிப்போகிறது என்ற கவலை. ஸ்டீவன் ஸ்டாம்கோஸும் மிட்ச் மார்னரும் பிறந்த ஊர் மார்க்கம் என்பதால், அங்குள்ள அப்பாமாருக்குக் கனவு காண்பதற்கு ஆதாரம் வேறு இருக்கிறது. போகும் முன்தினம் மச்சான் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நீங்கள் எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள் மச்சான். இவன் வருவானா, மாட்டானா?"

பதினொரு வயதில் அதற்கு விடை இல்லை என்றேன். உடம்பு இன்னும் தொடங்கவில்லை. நவம்பர்ப் பிள்ளை, வகுப்பின் கடைக்குட்டி. அவன் காணொளி அழைப்பில் என்னிடம் பேசும்போது தான் அடித்த கோலைச் சொல்வதில்லை, "மாமா, அந்தப் பாஸை ஏன் அங்கே கொடுத்தேன் தெரியுமா?" என்று தொடங்குவான். எனக்கு அது பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும். கீழ் அணியில் கூடுதல் நேரம் ஆடட்டும், மேல் அணியில் வாங்கில் குந்தியிருப்பதைவிட அது மேல் என்றேன். மச்சானுக்கு அது ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை. கணித வகுப்பையும் விடவேண்டாம் என்றேன், அதற்குத் தங்கை தொலைபேசியில் சிரித்தாள்.

சரி, பெடார்ட். என் கணிப்பைக் கேட்டால் ஒற்றை எண்ணாகச் சொல்ல மாட்டேன். மெக்டேவிட் ஆகமாட்டார், அந்தக் கால்கள் அவருக்கு இல்லை. டெய்க்ல் ஆவதற்கும் வாய்ப்பு மிகக் குறைவு, பத்தொன்பது வயதில் அந்த அணியில் 67 எடுத்தவர் வெறுமையாகிப் போவது கடினம். மேல் எல்லை கேன் போன்ற ஒரு வாழ்க்கை: ஓரிரு வருடம் நூறைத் தாண்டுவது, ஒரு பெரிய விருது. கீழ் எல்லை பல வருடம் எழுபது, எண்பது எடுத்துக்கொண்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு மாற்றப்பட்டு, "இன்னும் எதிர்பார்த்தோம்" என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டே ஆடுவது. முன்வரிசை ஆட்டக்காரர்களின் உச்சம் பெரும்பாலும் இருபதுகளின் நடுப்பகுதியில், எனவே 2029, 2030 அளவில்தான் இது தெளியும். ஆனால் சிகாகோவுக்கு அவ்வளவு காலம் பொறுக்க முடியாது. அவருடைய முதல் ஒப்பந்தம் 2026 கோடையில் முடிகிறது. அப்போது அவர்கள் இந்த விரிவை எல்லாம் சுருக்கி ஒரு டொலர்த் தொகையாக எழுதியாக வேண்டும். நான் அந்தக் கதிரையில் இருந்தால் நீண்ட ஒப்பந்தத்தையே கொடுப்பேன், மேல் எல்லைக்குரிய விலையில் அல்ல, நடுவுக்குக் கொஞ்சம் மேலே.

ஒக்டோபரில் பருவம் தொடங்கும்போது நான் பார்க்கப்போவது, இரு பக்கமும் ஐந்து பேர் ஆடும்போது அவர் எத்தனை தரம் பக்கை இழக்காமல் எதிரணிப் பகுதிக்குள் கொண்டுபோகிறார் என்பதையும், நடுவர் போடும் பக்கில் பாதியையாவது நெருங்குகிறாரா என்பதையும். எதிரணியில் ஒருவன் தண்டனைப் பெட்டியில் இருக்கும்போது எடுக்கும் புள்ளிகளை எனக்கு அனுப்பவேண்டாம் என்று மச்சானுக்கு எழுதிவிட்டேன். அவர் பதிலுக்கு க்ரொஸ்பியின் படம் ஒன்றை அனுப்பியிருக்கிறார்.